குப்பை ஒப்பந்தத்தில் நமது பங்கு



உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே கட்டளையிடுகின்றான். அது வணிகத்திற்கும் நிக்காஹுக்கும் மட்டுமா?

சென்னையில் 2000-ஆம் ஆண்டில் மூன்று மண்டலங்களின் குப்பை தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டபோது, எடைக்கேற்பவே கூலி பேசப்பட்டது. எடை கூடினால் வருவாய் கூடும் என்றால், மறுசுழற்சிக்கெனப் பிரித்தெடுக்க எவர் முன்வருவார்? 2020-ஆம் ஆண்டு ஒப்பந்தமோ எடையை விடுத்துப் பணியின் தரத்திற்கே ஊதியம் என்றது.

ஆயினும், மீன் செதிலையும் உடைந்த கண்ணாடியையும் நாம் ஒரே பையில் கட்டிக் கொடுத்தால், கிழிபடுவது துப்புரவுப் பணியாளரின் விரலன்றோ! பிரித்துக் கொடுப்பதை 2016-ஆம் ஆண்டு விதிகளே வீட்டாரின் கடமையாக்கிவிட்டன. கையெழுத்திடாவிட்டாலும் நாமும் இதில் ஒரு தரப்பே.

அடுத்த வலீமாவுக்கு மண்டபம் பேசும்போது, எச்சில் இலையையும் தண்ணீர்ப் புட்டியையும் தனித்தனியே அகற்றுவது யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள்.