ஈப்பொறிச் செடி வளர்த்த கதை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் பலர். ஒரு தொட்டிச் செடியைப் பற்றிப் பேச எங்களுக்கு இடமளித்த செயலாளர் அவர்கட்கு முதற்கண் நன்றி. மட்டாஞ்சேரியில், சுவரொடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழும் நமக்குத் தோட்டம் என்பது மொட்டைமாடியின் ஒரு மூலையே. அம்மூலையில் துளசியும் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வளர்ப்பதில் நாம் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆயினும், வீனஸ் பிளை டிராப் என வழங்கும் ஈப்பொறிச் செடி எங்கள் கைத்திறனையெல்லாம் பொய்யாக்கிவிட்டது. நாங்கள் வாங்கிய முதற் செடி ஐந்தே மாதத்தில் மாண்டது. கவனிப்பாரின்றி மாளவில்லை, கவனிப்பு மிகுந்து மாண்டது. நம் காலனியில் வேறு சில இல்லங்களிலும் இச்செடி இப்பொழுது குடிபுகுந்திருக்கிறது என அறிகிறோம். அவையேனும் பிழைக்கட்டும் என்பதற்காகவே எங்கள் தோல்வியை இங்கே வெளியிடுகின்றோம்.

இச்செடியின் தாயகம் அமெரிக்காவின் கிழக்குக் கரை. வட கரோலினா, தென் கரோலினா என்னும் இரு மாநிலங்களில், வில்மிங்டன் நகரைச் சூழ்ந்த ஈர மணற்பாங்கான நிலத்தில்தான் அது இயல்பாக வளர்கிறது. வட கரோலினாவின் ஆளுநராயிருந்த ஆர்தர் டாப்ஸ் 1760-ஆம் ஆண்டில் இதனை வியந்து எழுதினார். 1768-இல் ஜான் எல்லிஸ் இதற்கு முறையான பெயர் சூட்டினார். டார்வின் 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். காட்டிலிருந்து பெயர்த்து விற்போர் பெருகியதால், 2014 முதல் வட கரோலினாவில் இதனைத் திருடுவது கடுங்குற்றமாயிற்று. ஆகவே வாங்குவோர், பண்ணையில் வளர்த்த செடிதானா என்று கேட்டு வாங்குதல் நலம்.

அந்நிலத்தில் தழைச்சத்து மிகக் குறைவு. வேர் கொடுக்காததை இலை தேடிக்கொள்கிறது. இலையின் நுனி இரண்டு மடல்களாகப் புத்தகம் போல் விரிந்திருக்கும். ஒவ்வொரு மடலின் உட்புறத்திலும் பெரும்பாலும் மூன்று நுண்மயிர்கள் நிற்கும். ஒரு முறை தீண்டினால் மடல் அசையாது. ஏறத்தாழ 20 விநாடிக்குள் இரண்டாம் முறை தீண்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளும். விழுந்தது மழைத்துளியா, உயிருள்ள பூச்சியா என்று எண்ணிப் பார்க்கும் கணக்கு இது! அகப்பட்ட பூச்சி உள்ளே மேலும் துடித்தால்தான் செரிமான நீர் சுரக்கும்; ஒரு வாரம் போல் கழித்து மடல் திறக்கும்பொழுது வெறும் கூடுதான் எஞ்சியிருக்கும். இத்தீண்டல் செய்தி மின் துடிப்பாகவே இலையில் பரவுகிறது என்பதைப் பர்டன் சாண்டர்சன் என்பார் 1873-இலேயே கண்டார். பின்னர் தொட்டாற்சிணுங்கியிடம் இவ்வகை மின் துடிப்பை விரிவாக ஆராய்ந்தவர் நம் ஜகதீச சந்திர போஸ்.

இனி, நாங்கள் செய்தவற்றைக் கேளுங்கள். செடி மெலிந்திருக்கிறதே என்று செம்மண்ணும் சாண எருவும் கலந்து புதுத் தொட்டியில் நட்டோம். கறிவேப்பிலைக்கு ஊற்றும் அரிசி கழுநீரையே இதற்கும் ஊற்றினோம். பாட்டியார், "பூச்சியைத் தின்னும் பாவத்திலிருந்து அதனைக் காப்போம்" என்று ஒரு பருக்கைச் சோறும் பருப்பும் ஊட்டினார்கள். எங்கள் இளைய மகளோ, வந்த விருந்தினர்க்கெல்லாம் ஈர்க்குச்சியால் தொட்டு மூடிக்காட்டினாள். ஒரு பொறி சில முறைதான் மூடித் திறக்கும். வீணாக மூட வைத்தால் உண்ணாமலே ஓய்ந்துவிடும். சோறு உள்ளே அழுகியது. எரு வேரைச் சுட்டது. மடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. குழந்தை இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. தான் தொட்டதால்தான் செத்தது என்று அழுதாள். குற்றத்தில் அவள் பங்கு மிகச் சிறியது. பெரும் பங்கு எங்களுடையது.

இரண்டாம் செடிக்கு எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினோம். எருவில்லை, தோட்டத்து மண்ணும் இல்லை. ஸ்பேக்னம் பாசி மட்கும், நன்கு கழுவிய வெண்மணலும் மட்டுமே. கடற்கரை மணல் ஆகாது, அதில் உப்பிருக்கும். தென்னை நார்த்தூள் ஆலப்புழைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள், அதிலும் உப்புண்டு. பலமுறை ஊறவைத்துக் கழுவாமல் அதனைத் தொடவேண்டா. மண்சட்டியினின்றும் உப்புக் கசியுமாதலால் பிளாஸ்டிக் தொட்டியே மேல்.

தண்ணீர்தான் தலையாய செய்தி. உப்பங்கழி சூழ்ந்த நம் ஊர்க் கிணற்று நீரும் குழாய் நீரும் இதற்கு நஞ்சு. குப்பியில் விற்கும் குடிநீரிலும் தாதுக்கள் கலந்திருக்கும். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில் நாம் ஏன் கலங்கவேண்டும்? இடவப்பாதியிலும் துலாவருஷத்திலும் மாடியில் நேரே பிடித்த மழைநீரை மூடிய பாத்திரங்களில் சேமித்துக் கோடைக்கும் வைத்துக்கொண்டோம். போதாதபொழுது வாலைநீர் வாங்கினோம். தொட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரற்கடை அளவு நீர் நிற்கச் செய்தால் போதும். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் நேர் வெயில் வேண்டும். வரவேற்பறை அலமாரியில் அழகுக்காக வைத்தால் வெளிறிச் சாகும்.

கொசுவைப் பற்றிக் கேட்காத நண்பரில்லை! கொச்சிக் கொசுவை ஒழிக்கும் என நம்பி வாங்குவோர் ஏமாறுவர். மாடியில் அது பிடிப்பது பெரும்பாலும் எறும்பும் சிலந்தியும். மாதத்துக்கு ஓரிரு சிறு பூச்சி அகப்பட்டாலே அதற்குப் போதும்.

எல்லாவற்றினும் கடினமானது குளிர்காலம். தாயகத்தில் இச்செடி மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்கும். அந்த உறக்கமின்றி ஆண்டுகள் கழிந்தால் சோர்ந்து மடியும். நம் ஊரில் மார்கழி இரவிலும் மின்விசிறி சுழல்கிறது. உறக்கத்துக்கு எங்கே போவது? டிசம்பரில் செடியைப் பெயர்த்து, கறுத்த இலைகளைக் களைந்து, வேரை ஈரப்பாசியில் சுற்றிப் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில், உறையாத இடத்தில் வைத்தோம். தயிர்ப் பாத்திரத்துக்கு அருகில் செடியா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. பூஞ்சணம் படிகிறதா என்று வாரந்தோறும் பார்த்து வந்தோம். பிப்ரவரி இறுதியில் வெளியே எடுத்து நட்டபொழுது, பாதி உயிர் போயிற்றென்றே நினைத்தோம். மூன்று வாரத்தில் நடுவிலிருந்து சுருண்ட ஒரு தளிர் எழுந்தது.

இத்தனை பாடுபட மனமில்லாதவர்க்கு ஒன்று சொல்வோம். பூச்சியுண்ணும் செடியைக் காணக் கடல் கடக்கவேண்டா. இலை மயிர்களில் பனித்துளிபோல் பசைத்துளி ஏந்தி நிற்கும் அழுகண்ணி, மழைக்காலத்தில் இக்கேரளத்தின் ஈரமான வெட்டுக்கல் நிலங்களிலேயே முளைக்கிறது. வடக்கே மாடாயிப்பாறையை ஓணக்காலத்தில் நீலமாக்கும் காக்காப்பூவும் பூச்சியுண்ணியே. மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளால் நுண்ணுயிரிகளை உறிஞ்சி உண்ணும் அப்பூவைத்தான் அங்கே பூக்களத்தில் அழகாக அடுக்குகிறார்கள். அவற்றைப் பறித்து வந்து தொட்டியில் நடுவது வீண். இருக்குமிடத்திலேயே குழந்தைகளுக்குக் காட்டலாம்.

எங்கள் இரண்டாம் செடிக்கு இப்பொழுது ஏழு பொறிகள். அதனை இம்மண்டப வாயிலில், மேசைமேல் வைத்திருக்கிறோம். எங்கள் இளைய மகள் பக்கத்தில் அமர்ந்து காவல் காக்கிறாள். அனைவரும் பார்க்கலாம், அவள் இசைந்தாலன்றி எவரும் தொடவேண்டா.