தனி மனிதனும் தலைவிதியும்



ஒரு மனிதனை ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட முடியுமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். இதைப்பற்றி ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் லைப்னிட்ஸ் 1686-ம் வருஷத்தில் எழுதிய அபிப்பிராயம் யோசிக்கத் தக்கது.

"அரசன்" என்று சொல்லிவிட்டால் அது அலெக்சாந்தரைக் குறித்துவிடுமா? குறிக்காது. உலகத்தில் அரசர்கள் எத்தனையோ பேர். அரசன் என்பது பொதுக் கருத்து, ஆகவே அரைகுறையானது. அலெக்சாந்தர் என்ற ஆளைப்பற்றிய கருத்தோ பூரணமானது. அவர் யாரை ஜெயித்தார், தானாகச் செத்தாரா, விஷத்தால் செத்தாரா என்பதெல்லாம் அதில் அடக்கம் என்றார் லைப்னிட்ஸ். கணக்குப் புஸ்தகத்து உருண்டை வேறு; ஆர்க்கிமிடீஸின் சமாதிமேல் வைத்த உருண்டை வேறு. முன்னதற்கு உருவம் மாத்திரமே உண்டு. பின்னதற்கோ அது செய்யப்பட்ட பொருளும், இடமும், காலமும் உண்டு.

சரி, வாழ்வு முழுவதும் ஒருவனுடைய கருத்திலேயே அடக்கம் என்றால், அது தலைவிதி அல்லாமல் வேறென்ன? பிரெஞ்சுப் பாதிரியாராகிய ஆர்னோ அந்த வருஷமே இதைக் கேட்டார். ஆதாமைப் படைத்தவுடனே, அவன் சந்ததிக்கு நேர்வதெல்லாம் தப்ப முடியாத கட்டாயமாகிவிடுமே என்றார்.

நிச்சயம் வேறு, கட்டாயம் வேறு என்பது லைப்னிட்ஸின் பதில். முக்கோணத்துக்கு நான்கு பக்கம் என்பது முரண். கி.மு. 49-ல் சீசர் ரூபிகான் ஆற்றைத் தாண்டாமல் நின்றார் என்று நினைப்பதில் அப்படிப்பட்ட முரண் இல்லை. மேலும் அந்தப் பூரணக் கருத்து கடவுளுக்கு மாத்திரமே தெரியுமாம். ஆகையால் தெரியாததை எண்ணி உட்காராமல், தெரிந்த கடமையைச் செய் என்றார்.

இந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. வேறுவிதமாக நடந்திருந்தால் அவன் அந்த ஆளே அல்ல, வேறு ஆள் என்றும் அவரே சொல்லுகிறார். அப்புறம் சுதந்திரம் எங்கே இருக்கிறது? கடவுள் என்ற கணக்குப்பிள்ளையை நீக்கிவிட்டால் அந்தப் பூரண ஏடுதான் யார் கையில் இருக்கிறது?

ஆனாலும் அவர் வாதத்தில் நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பாகம் ஒன்று உண்டு. பொதுப் பெயர் எதுவும் ஓர் ஆளை அளந்துவிடாது. முழு ஏட்டைப் படித்த மனிதனும் எவனுமில்லை. அப்படியிருக்க, "ஏழை இவ்வளவுதான்", "பெண் இவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்ல எவனுக்கு யோக்கியதை உண்டு? "அரசன்" என்ற சொல்லைக்கொண்டு அலெக்சாந்தரையே அறிய முடியாதென்றால், "பெண்" என்ற சொல்லைக்கொண்டு ஒரு பெண்ணை மாத்திரம் அறிந்துவிட முடியுமா? யோசித்துப் பாருங்கள்!