பதினோரு வாரம் கழித்து வந்தவர்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தை அதிகம் அறியாதவர்கள்கூட ஜாக்கி ராபின்சன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கினார். கறுப்பின வீரர்களை மேஜர் லீகுக்குள் விடாத பல பத்தாண்டுத் தடை அன்று உடைந்தது. அதே ஆண்டு ஜூலை 5 அன்று, சிகாகோவில், கிளீவ்லாந்து இந்தியன்ஸ் அணிக்காக மட்டை பிடித்த 23 வயது லாரி டோபியின் பெயர் அந்த அளவுக்கு யார் காதிலும் விழுந்ததில்லை. அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

வழி திறந்தவருக்குத்தானே பெருமை, பின்னால் வந்தவருக்கு என்ன என்று கேட்கலாம். ஆனால் அன்றைய மேஜர் லீகே நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரண்டின் சாம்பியன்களும் மோதும் வேர்ல்டு சீரிஸ் தவிர, வெற்றி தோல்வி கணக்கில் சேரும் வேறு எந்தப் பந்தயத்திலும் இரு லீக் அணிகளும் மோதுவதில்லை, நடுவர்கள்கூட தனித்தனி. ராபின்சன் ஆடியது நேஷனல் லீகில். அவரைப் பார்த்துப் பழகிய எதிரணி ஒன்றுகூட அந்த ஆண்டு லீக் ஆட்டங்களில் டோபிக்கு வாய்க்கவில்லை. அமெரிக்கன் லீகில் முதல் கறுப்பின வீரர் டோபிதான். மேலும், ராபின்சனுக்கு 1946 முழுவதும் கீழ்நிலை லீகின் மான்ட்ரியல் அணியில் ஆடிப் பழக அவகாசம் கொடுத்தார்கள். டோபியோ ஜூலை 4 அன்று கறுப்பினத்தவர் லீகின் நீவார்க் ஈகிள்ஸ் அணிக்குக் கடைசியாக ஆடிவிட்டு ரயிலேறியவர். மறுநாளே சிகாகோவில் புதிய அணியின் உடை மாற்றும் அறையில் நின்றார். அறிமுகத்தின்போது சிலர் கை குலுக்கவே மறுத்துவிட்டார்கள். அவரைக் கூப்பிட்டுப் பந்தெறிந்து பழகியவர் சக வீரர் ஜோ கார்டன்.

முதல் ஆண்டில் அவர் சோபிக்கவில்லையே என்பார்கள். உண்மைதான், 32 முறை மட்டை பிடித்து 5 ஹிட்தான் அடித்தார். ஆனால் பெரும்பாலான நாட்களில் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, இன்னொருவருக்குப் பதிலாக ஆட்டத்துக்கு ஒரே ஒருமுறை மட்டை பிடிக்க அனுப்பினார்கள். அப்படி ஆடினால் யாருக்குத்தான் கை வரும்? மறு ஆண்டே, பழகிய இடத்தை விட்டு சென்டர் ஃபீல்டுக்கு மாறி, முழுப் பருவமும் ஆடி .301 சராசரி எடுத்தார். அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸின் நான்காவது ஆட்டத்தில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் ஜானி செய்ன் வீசிய பந்தை ஹோம் ரன்னாக, நம் கிரிக்கெட்டில் சிக்சர் போல, தூக்கி அடித்தார். கிளீவ்லாந்து 2-1 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் எடுத்த புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள், நேயர்களே: பந்துவீசி வென்ற வெள்ளையர் ஸ்டீவ் குரோமெக்கும் டோபியும் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டி, வாய் நிறையச் சிரிக்கிறார்கள். பல மாநிலங்களில் நிறப்பிரிவினை சட்டமாகவே இருந்த நாட்டில், 1948-இல், பத்திரிகைகளில் வந்த படம் அது.

பிறகும் அவர் ஓயவில்லை. 1952, 1954 இரண்டு ஆண்டுகளிலும் 32 ஹோம் ரன்களோடு லீகில் முதலிடம்; அமெரிக்கன் லீகில் மொத்தம் 253. 1978-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மேலாளராகி, மேஜர் லீகில் அப்பொறுப்பேற்ற இரண்டாவது கறுப்பினத்தவரானார். இருந்தும் ராபின்சனை 1962-இலேயே வரவேற்ற ஹால் ஆஃப் ஃபேம், டோபிக்குக் கதவு திறந்தது 1998-இல்தான். அப்போது அவருக்கு வயது 74. இப்போது ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று எல்லா அணி வீரர்களும் ராபின்சனின் 42-ஆம் எண்ணை அணிந்து ஆடுகிறார்கள். ஜூலை 5 அன்று அமெரிக்கன் லீக் அணிகளாவது டோபியின் 14-ஐ அணியட்டும்.