பொக்கிஷங் காப்பவரின் தர்மம்
(குருவிகுளத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தின் கல்வி நிதிக் கணக்கு இப்பொழுதுதான் இச்சபையில் வாசிக்கப்பெற்றது. இத்தருணத்தில், பலருடைய பணத்தைக் காக்கும் பொறுப்பேற்றவரின் தர்மம் யாது என்பதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் பணித்தனர். தர்மத்தைச் சூத்திரமாகச் சொல்வதைக் காட்டிலும், அதனை நடத்திக் காட்டிய ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்வதே நலமென்று கருதினோம். அவர் இந்தியாவின் நிதி மந்திரியாக விளங்கிய டாக்டர் ஜான் மத்தாய். அவர் நம் குலத்தினர் அல்லர். நம் சீமையினரும் அல்லர். 1886-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். ஆயினும் கணக்கு உறவு பார்ப்பதில்லை. கணக்கைக் காத்தவரைப் போற்றுவதிலும் நாம் உறவு பார்க்க வேண்டுவதில்லை.

அவர் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்று, சட்டம் கற்று, சிலகாலம் வக்கீலாக இருந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, லண்டன் பொருளாதாரக் கலாசாலையிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்றார். அங்கே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் லண்டன் மாநகரத்து வங்கிகள் அன்று, நம்முடைய கிராமங்களே. இந்தியக் கிராம ஆட்சியைக் குறித்த அவருடைய நூல் 1915-இல், சிட்னி வெப் என்னும் அறிஞரின் முன்னுரையோடு வெளிவந்தது. கிராம சபை, பள்ளிக்கூடம், ஏழைகளைத் தாங்குதல், சுகாதாரம், ஊர்க்காவல், குளம் குட்டைகளைப் பேணுதல், வழக்குத் தீர்த்தல் ஆகியவற்றை நம் முன்னோர் எவ்வாறு ஊர்க்கட்டுப்பாட்டால் நடத்தி வந்தனர் என்பதை அந்நூல் ஆராய்கிறது.

இவ்வூரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. மடையைத் திறப்பதற்கும், கரையைக் கட்டுவதற்கும், குடிமராமத்துக்கு ஆள் தருவதற்கும் ஒரு முறை இல்லையேல் தண்ணீர் வலியவன் வயலுக்கே பாயும் என்பதை நம் பாட்டனார் அறிந்திருந்தனர். மத்தாய் அவர்கள் பின்னாளில் டில்லியில் பேசிய நியாயமும் இதுவே என்று நாம் சொன்னால், அது மிகையாகாது.

தாய்நாடு திரும்பிய அவர், சென்னை ராஜதானியின் கூட்டுறவு இலாகாவில் சிலகாலம் பணிசெய்து, 1920-இல் பிரஸிடென்ஸி கலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியரானார். பின்பு சென்னைச் சர்வகலாசாலையின் இந்தியப் பொருளாதாரப் பீடத்தில் அமர்ந்தார். அப்பீடத்தில் அவருக்கு முன் இருந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் தம் மாணவரைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை வீடுவீடாக ஆராய்ந்து 1918-இல் நூல் வெளியிட்டவர். அக்கிராமங்களுள் நம் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும் ஒன்று. இத்தகைய பீடத்தில் இருந்தவருக்குப் பொருளாதாரம் என்பது வெறும் ஏட்டுக் கல்வியாக இருக்க இயலாதன்றோ!

1922 முதல் 1925 வரை அவர் சென்னைச் சட்டசபை அங்கத்தினர். 1925-இல் இந்தியச் சுங்கவரி போர்டில் சேர்ந்து, 1931 முதல் 1934 வரை அதன் தலைவராயிருந்தார். எந்தக் கைத்தொழிலுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும், அதனால் சரக்கு வாங்குவோருக்கு எவ்வளவு பாரம் ஏறும் என்று நிறுத்துப் பார்ப்பதே அந்தப் போர்டின் வேலை. 1940-இல் டாட்டா ஸ்தாபனத்தில் சேர்ந்தார். 1944-இல் டாட்டா, பிர்லா முதலிய தொழிலதிபர்களோடு அவரும் கையொப்பமிட்டு வெளியிட்டதே பம்பாய்த் திட்டம். பதினைந்து வருஷங்களில் 10,000 கோடி ரூபாய் செலவிட்டு, தலைக்கு இவ்வளவு என்னும் வருமானத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அவர் திட்டமிடுதலுக்குப் பகைவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. இதனை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால சர்க்காரில் அவர் நிதியை ஏற்றார். அக்டோபரில் முஸ்லிம் லீகும் சர்க்காரில் சேர, நிதி இலாகா லியாகத் அலி கானிடம் சென்றது. சுதந்திரத்திற்குப் பின் மத்தாய் அவர்கள் ரயில்வே மந்திரி. முதல் நிதி மந்திரியாயிருந்த கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1948-இல் விலகவே, அப்பொறுப்பு மீண்டும் இவரை வந்தடைந்தது. காங்கிரஸ் கட்சியைச் சேராத இவரை, கல்வியும் அனுபவமும் கருதியே அவ்விடத்தில் வைத்தனர்.

அக்காலத்தின் கஷ்டம் சிறிதன்று. 1949 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. அதனோடு பிணைந்திருந்த நம் ரூபாயையும் குறைக்க நேர்ந்தது. ஒரு டாலருக்கு 3.31 ரூபாய் கொடுத்த நாம் 4.76 ரூபாய் கொடுக்கலானோம். இதனால் நம் சரக்கு அந்நியருக்கு மலிவாகும்; அந்நியச் சரக்கும் தானியமும் நமக்கு விலையேறும். பாகிஸ்தானோ தன் ரூபாயைக் குறைக்கவில்லை. அவர்களுடைய 100 ரூபாய்க்கு நம்முடைய 144 ரூபாய் என்றாயிற்று. இரு நாட்டு வர்த்தகம் முடங்கிற்று. கிழக்கு வங்காளத்துச் சணலை நம்பிய கல்கத்தா ஆலைகள் தவித்தன. கரிசலில் பருத்தி விதைத்து, வேறெங்கோ முடிவாகும் விலைக்காகக் காத்திருக்கும் நமக்கு, நாணய மதிப்பு என்பது பட்டணத்துச் சங்கதி அன்று என்பது தெரிந்ததே.

அவரைக் குறைகூறியோரும் உண்டு. மூலதன லாபத்தின்மீது 1947-இல் விதிக்கப்பெற்ற வரியை அவர் 1949-இல் எடுத்துவிட்டார். தனவந்தருக்குச் சலுகை காட்டினார் என்று பலர் பேசினர். முதலீடு பெருகாமல் தொழில் பெருகாது என்பது அவர் கொள்கை. 1956-இல் அவ்வரி மீண்டும் வந்தது. ஆகவே அவர் செய்தவையெல்லாம் சரியென்று நாம் வாதிட வரவில்லை. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று.

1950-இல் திட்டக் கமிஷன் ஏற்படுத்தப்பெற்றது. பிரதம மந்திரி நேரு அவர்களே அதன் தலைவர். பிப்ரவரி 28-இல் மத்தாய் அவர்கள் நிகழ்த்திய பட்ஜெட் பிரசங்கத்திலேயே அச்செய்தி இடம்பெற்றது. ஆயினும் சில மாதங்களுக்குள் அவர் பதவியைத் துறந்தார். பார்லிமெண்டுக்குப் பதில் சொல்லும் மந்திரிசபை ஒன்றிருக்க, அதற்குச் சமமாக இன்னொரு மந்திரிசபைபோல் இக்கமிஷன் வளர்ந்துவிடும். செலவுக்கு உத்தரவாதி ஒருவர், செலவைத் தீர்மானிப்பவர் இன்னொருவர் என்றாகிவிடும் என்பது அவருடைய வாதம். திட்டம் வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. பத்தாயிரங்கோடித் திட்டத்தில் கையொப்பமிட்டவர் அவர். மடையின் திறவுகோல் ஒருவர் கையிலும், கரை உடைந்தால் வரும் பழி மற்றொருவர் தலையிலும் இருத்தலாகாது என்றே சொன்னார்.

அவருடைய அச்சம் முழுதும் பலித்ததா? அறிஞர் இருபாலும் பேசுவர். அவருக்குப் பின்வந்த சி. டி. தேஷ்முக் அவர்கள் நிதியையும் கமிஷனையும் இணைத்தே நடத்தினார். ஐந்தாண்டுத் திட்டங்களால் அணைகளும் ஆலைகளும் எழுந்தன. அறுபது வருஷங்களுக்கு மேல் நிலைத்த அக்கமிஷன் கலைக்கப்பெற்று, 2015 ஜனவரியில் நீதி ஆயோக் அதன் இடத்தில் வந்தது. அவர் எழுப்பிய கேள்வி மட்டும் கமிஷனோடு மறையவில்லை.

விலகியபின் அவர் கோபித்து மூலையில் உட்கார்ந்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1953-இல் வரி விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். 1955-இல் இம்பீரியல் பாங்கு தேசத்தின் உடைமையாகி ஸ்டேட் பாங்காக மாறியபோது அதன் முதல் தலைவரானார். பம்பாய், கேரளச் சர்வகலாசாலைகளின் துணைவேந்தராயிருந்து, 1959-இல் பத்ம விபூஷண் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே காலமானார். பதவியை விட்டவர் பணியை விடவில்லை.

இனி நம் சங்கதிக்கு வருவோம். நமது கல்வி நிதி சிறிது. கூலிவேலை செய்வோரும் தம்மால் இயன்றதை இட்டுச் சேர்த்த பணம். அதைக் கேட்டு வருவோர் அனைவரும் நம்மவரே. ஒவ்வொருவர் காரணமும் நல்ல காரணமே. கோயில் கொடையும் நல்லது, மண்டபமும் நல்லது, மாணவனின் சம்பளமும் நல்லது. தீமைக்கு மறுப்புச் சொல்லுதல் எளிது. நன்மைக்கு "இப்பொழுது இல்லை" என்று சொல்லுதலே பொக்கிஷதாரரின் கடினமான தர்மம். அவர் அவ்வாறு சொல்லும்போது, "நம்மவராயிருந்தும் இப்படிச் சொல்கிறாரே" என்று முகம் சுளிப்போமாயின், அடுத்த வருஷம் அவ்விடத்தில் தலையாட்டுபவரே அமர்வார். அதற்கடுத்த வருஷம் நிதியிராது.

ஆகையால் நாம் மூன்று காரியம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். செலவைத் தீர்மானிப்போர் எவரோ அவரே சபைக்குக் கணக்கும் சொல்லவேண்டும். மறுக்கும் உரிமையைப் பொக்கிஷதாரருக்கு விதியாகவே எழுதிவைக்க வேண்டும். நம் பிள்ளைகளுள், பெண்மக்களுள் சிலரேனும் பொருளாதாரமும் கணக்கியலும் கற்று, கற்றதை முதலில் தம் ஊர்க் குளத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் ஆராய்வதில் செலுத்தவேண்டும். மத்தாய் அவர்கள் கிராமத்தில் தொடங்கியே டில்லியை அடைந்தார் என்பதை அவர்களுக்குச் சொல்வோமாக.