பழுது பார்க்கும் தமிழ்



பத்தாம் ஆண்டு விழாவில் தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி கவிதையை விடுத்துப் பழைய மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசலாமா என நீங்கள் வியக்கக்கூடும். சொல்லைப் பற்றிப் பேசவே வண்டியிடம் செல்கிறேன்.

கெட்டுப்போன பொருளைச் சீர்செய்வதை நம் மக்கள் ‘பழுது பார்த்தல்’ என்கின்றனர். நீக்குதல் என்றோ மாற்றுதல் என்றோ கூறாமல் பார்த்தல் என்றனர். குறையைக் கண்டறிவதே வேலையின் பெரும்பகுதி என்பதை அத்தொடர் உணர்த்துகிறது.

சுழல் எஞ்சின் பூட்டிய பழைய கார்களைப் பழுது பார்ப்பதற்கென்றே விலைக்கு வாங்குவோர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1978 முதல் 2002 வரை உருவாக்கிய ஆர்.எக்ஸ்-7 அவர்கள் பெரிதும் விரும்பும் வண்டி. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் வகுத்த இவ்வகை எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை. நடுவே சற்று இடுங்கிய நீள்வட்ட அறைக்குள் முக்கோண வடிவான உறுப்பொன்று சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் பதித்த மெல்லிய பட்டைகள் அறைச்சுவரை உரசியபடியே செல்கின்றன. பட்டை தேய்ந்தால் அழுத்தம் கசியும். சூடேறி நின்ற வண்டி மீண்டும் கிளம்ப மறுக்கும். அத்தகைய வண்டியை வாங்கியவர் எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

1960களில் மாஸ்டாவின் பொறியாளர் கெனிச்சி யாமமோட்டோவின் குழுவினரும் இங்கேதான் இடர்ப்பட்டனர். அறைச்சுவரில் விழுந்த வரிவரியான கீறல்களைப் ‘பிசாசின் நகக்கீறல்’ என்றழைத்தனர். பட்டையின் அதிர்வே காரணமெனக் கண்டு, கரியும் அலுமினியமும் சேர்ந்த பட்டையை அமைத்தனர். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. கவிஞர்களே, தீர்வு கிடைக்குமுன் அப்பழுதுக்கு ஓர் உருவகம் கிடைத்துவிட்டது என்பதைக் கருதிப் பாருங்கள்.

பிரித்துப் பார்க்கும் இவ்வேட்கை நமக்குப் புதிதன்று. கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, உணவு விடுதியில் பணிபுரிந்து சேர்த்த பணத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார், பிரித்தார், மீண்டும் பூட்டினார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவருக்கு அவ்வண்டியே பாடநூலாயிற்று. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தம் பேருந்தைத் தாமே ஓட்டினார்.

நம் மதுரையோ, 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் தோன்றிய ஊர். மோட்டார்த் தொழிலில் மூத்த ஊர். இங்குள்ள பட்டறைகளில் சற்றே நின்று கேளுங்கள். ‘வண்டி திணறுதுண்ணே’, ‘ஆயில் குடிக்குது’, ‘இழுவை இல்ல’ என்பார்கள். திணறலும் குடித்தலும் உயிர்க்குரியவை; இழுவை மாட்டுக்குரியது. மேலூர், திருமங்கலம் சமவெளிகளில் மாட்டின் மூச்சறிந்து வண்டி ஓட்டிய தலைமுறையினரின் மொழி எஞ்சினுக்கும் ஏறியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று புதிய வண்டிகளின் பழுதைக் கணினி குறியீட்டெண்ணாகக் காட்டுகிறது. வேலை எளிதாகிறது, அதில் குறைகாண நான் வரவில்லை. ஆயினும் எண்ணைப் படிப்பவருக்கு உவமை தேவைப்படுவதில்லை. ஓசை கேட்டே பழுதறிந்த மூத்த மெக்கானிக்குகள் பட்டறையை விட்டு நீங்கும்போது, அச்சொற்களும் அவர்களுடன் நீங்கிவிடும்.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். உழவரின் சொல்லுக்குக் கிடைத்த அந்த மதிப்பு பட்டறைச் சொல்லுக்கும் கிடைக்க வேண்டும். கலைச்சொற்களை அறையில் அமர்ந்து ஆக்குமுன், கிரீசு படிந்த கைகளுடையோர் ஏற்கெனவே ஆக்கியவற்றைக் கேட்டறிவது நம் கடமை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நம் வட்டத்தினர் ஒவ்வொருவரும் ஒருநாள் ஒரு பட்டறையில் அமர்ந்து, கேட்ட சொல்லையும், எந்தப் பழுதுக்கு அது வழங்குகிறது என்பதையும் எழுதி வாருங்கள். அவற்றைத் தொகுத்து வரிசைப்படுத்தும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.