மணமும் வழமையும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகம் செல்வோர் முதலிற் காண்பது மண்டைதீவு. அச்சிறு தீவிலே பிள்ளையார் கோயிலும் உண்டு. கத்தோலிக்கத் தேவாலயமும் உண்டு. ஒரு வீட்டார் பொன்னுருக்கி, கன்னிக்கால் நட்டு, கூறை கொடுத்து, அக்கினி சான்றாகத் தாலி கட்டுவர். மற்றொரு வீட்டார் குருவானவர் முன்னிலையில் வாக்குக் கொடுத்து மணஞ் செய்வர். ஒருவர் சடங்கை மற்றவர் மேற்கொள்வதில்லை. ஆயினும் அயல்வீட்டார் செய்தது மணமன்று என எவரும் உரைப்பதில்லை. இரு மணங்களும் விவாகப் பதிவாளரின் புத்தகத்தில் இடம்பெறுகின்றன. இன்று உலகெங்கும் நிகழும் விவாதமொன்றைத் தெளிந்துகொள்ள இச்சிறு உண்மை பெரிதும் துணைசெய்யும். ஒரே பாலைச் சேர்ந்த இருவர் மணம் புரியலாமா என்பதே அவ்விவாதம்.

1990 ஆம் ஆண்டில் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வளர்ந்துவிட்டனர். அந்நாடுகள் முறையே 2005, 2013, 2014 ஆம் ஆண்டுகளில் ஒருபாலார் மணத்துக்குச் சட்டத்தில் இடங்கொடுத்தன. ஆதலின் இது இனித் தொலைவிலுள்ள வினா அன்று. பேரப்பிள்ளை ஒருவரின் மணச் செய்தியாக அது தீவின் முற்றத்துக்கே வரக்கூடும். வந்தால், "இஃது எங்கள் வழமையன்று" என்பதே முதியோர் வாயிலிருந்து எழும் முதற் சொல்லாக இருக்கும். அச்சொல்லை எள்ளி நகையாடுதல் தகாது, ஆராய்தலே தகும்.

வழமை என்பது யாது? யாழ்ப்பாணத்தவர்க்கு இதற்கு எழுத்திலேயே விடையுண்டு. ஒல்லாந்தர் காலத்திலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707 ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். முதலிமார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து உடன்பட்டனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன அதிற் பயிலும் சொற்கள். மணத்தைப்பற்றி அந்நூல் பேசுங்கால் உடைமையும் கடமையுமே முன்னிற்கின்றன. இருவர் ஒருங்கு வாழ்ந்து ஈட்டியதில் இருவர்க்கும் உரிமையுண்டு. ஒருவர் மறைந்தால் மற்றவர் ஆதரவற்று நிற்றல் ஆகாது. தேடியதேட்டம் என்னும் சொல்லின் உட்பொருள் இதுவே.

அதே நூலில் அடிமைகளைப்பற்றிய விதிகளும் இருந்தன. 1844 ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. மணமக்களின் உடைமைபற்றிய விதிகள் 1911 ஆம் ஆண்டிலும் 1947 ஆம் ஆண்டிலும் திருத்தம் பெற்றன. இவ்வளவு மாறியும் தேசவழமை அழிந்துபோயிற்று என்று எவரும் அழவில்லை. அதனை எழுதுவித்த ஒல்லாந்தரின் வழிவந்தோரே, 2001 ஆம் ஆண்டில், உலகில் முதன்முதலாக ஒருபாலார் மணத்தைச் சட்டமாக்கினர் என்பதும் நினைக்கத்தக்கது.

சடங்கின் வரலாறும் இத்தகையதே. அகநானூற்றின் 86 ஆம் பாட்டு உரைக்கும் மணத்தில் அக்கினியும் இல்லை, தாலியும் இல்லை, மக்களைப் பெற்ற மங்கையர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். சிலப்பதிகாரத்திலோ மணமக்கள் தீயை வலம் வருகின்றனர். யாழ்ப்பாணத்தில் எளியோரிடையே சோறு கொடுத்தலே மணமாகக் கொள்ளப்பட்ட காலமும் இருந்தது. இவற்றுள் எதுவும் ஒருபாலார் மணத்தைக் கூறவில்லை; கூறியதாகச் சாதிப்பது வரலாற்றுக்கு மாறாகும். சடங்கு காலந்தோறும் மாறியது. ஊரறிய ஏற்கும் பொறுப்பு மாறவில்லை என்பதே இவற்றாற் பெறப்படுவது.

சட்டம் பின்தங்கி வந்த கதையும் தமிழர்க்குப் புதிதன்று. தமிழ்நாட்டிலே புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்களை, 1950 களில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லுபடியாகாதவை எனத் தீர்த்தது. ஊரார் வாழ்த்திய தம்பதியர் சட்டத்தின் கண்ணில் தம்பதியர் ஆகாதிருந்தனர். 1967 ஆம் ஆண்டில் அண்ணாதுரையின் அரசாங்கம் கொண்டுவந்த திருத்தமே, முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து, அம்மணங்களுக்கு உறுதியளித்தது. அதனாற் கோயில் மணங்கள் குறைவுபடவில்லை.

மகப்பேறே மணத்தின் பயன், ஒருபாலார்க்கு அஃது இல்லையே எனச் சிலர் வினவுவர். இது பொருளற்ற வினா அன்று. குலந் தழைத்தல் என்பது பெற்றோரின் பெருவிருப்பம். எனினும் பிள்ளையில்லாத தம்பதியரின் மணத்தை எந்த ஊரும் தள்ளியதில்லை; முதுமையில் மணப்போரைப் பதிவாளர் தடுப்பதும் இல்லை. தேசவழமையே மகவேற்பை வகுத்துள்ளது. உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்தி, பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்றனர் முன்னோர்.

இலங்கையில் இவ்விவாதம் மணப்பந்தல்வரை வந்து சேரவில்லை. ஆங்கிலேயர் 1883 ஆம் ஆண்டில் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை இத்தகைய உறவைக் குற்றமாக்கியது. ஆடவரை மாத்திரம் சுட்டிய பிரிவொன்று 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் பெண்டிரையும் உள்ளடக்கியது. அக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் கலைந்தபோது அது நிறைவேறாமலே ஒழிந்தது. இந்தியாவில் 2018 ஆம் ஆண்டில் அக்குற்றம் நீங்கிற்று; ஆயினும் 2023 ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபாலார் மணத்துக்கு இசையாது, அதனைச் சட்டமன்றத்தின் பொறுப்பாக்கிற்று. 2025 ஆம் ஆண்டு மே மாதத்திலோ சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதிகள் இருவர், குடும்பம் அமைக்க மணம் ஒன்றே வழியன்று எனத் தீர்ப்புரைத்தனர்.

நீதிமன்றங்களைக் காட்டிலும் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மகனின் இயல்பை அறிந்தும், அல்லது அறிய விரும்பாமலும், "கலியாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகும்" என்று பொருத்தம் பார்ப்போர் உளர். சீதனமும் பேசப்படும், பந்தலும் எழும். ஒன்றுமறியாத ஒரு பெண் மணவறையில் வந்து அமருவாள். அவள் வாழ்நாள் முழுவதும் தன்னிடத்திலே குறை தேடிக்கொண்டிருப்பாள். பெண்ணின் இயல்பை மறைத்து மணஞ்செய்விக்கும் வீட்டிலும் இதுவே நிகழும். தாலியின் தூய்மையைக் காப்பதாக எண்ணிச் செய்யும் இச்செயலினும் தாலிக்குப் பெரிய இழுக்கு வேறெது? சான்றோர் முன்னிலையில் மெய்யுரைத்தல் மரபானால், அம்மரபை மீறியவர் யார்?

இதனால் எக்கோயிலும் எத்தேவாலயமும் தன் நெறியைக் கைவிடவேண்டும் என்பதில்லை. கனடாவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டமே, மனம் ஒவ்வாத சமயகுருமார் இத்தகைய மணத்தை நடத்த மறுக்கலாம் என வகுத்துள்ளது. சடங்கு சமயத்தாருக்குரியது, யார் யாருக்குப் பொறுப்பு என எழுதிக்கொள்ளுதல் அரசுக்குரியது. நோயுற்ற ஒருவரின் கட்டிலருகே நிற்க உரியவர் யார், இருவர் தேடிய தேட்டம் யாரைச் சேரும் என்பவற்றுக்கு விடைகூறும் கடமை சட்டத்துக்கு உண்டு.

அயலவரின் சடங்கைத் தாம் மேற்கொள்ளாமலே அவருடைய மணத்தை மதிக்க மண்டைதீவு மக்கள் முன்னமே அறிந்திருக்கின்றனர். கடல் கடந்து அத்தகைய மணச் செய்தியொன்று வருமாயின், வாழ்த்துவதா வாளாவிருப்பதா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம் மனச்சான்றைக் கேட்டுத் துணியட்டும். பெற்ற பிள்ளைக்கு வாசற்கதவை அடைத்தல் மட்டும் எந்த வழமையிலும் இல்லை.