கம்பனியை மூடும் முன்



படித்த பிள்ளைகள் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்று நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரையிலும் சொல்கிறோம், வாழைச்சேனையிலும் சொல்கிறோம். தொடங்குவதற்குப் பயிற்சி உண்டு, கடன் உண்டு, கூட்டம் உண்டு. மூடுவதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. புதிதாகத் தொடங்கும் கம்பனிகளில் பல சில வருடங்களுக்குள் மூடப்படுகின்றன. உலகம் முழுக்க இதுதான் நிலை. அப்படி மூடும்போது அங்கே வேலை செய்த பிள்ளைகளுக்கு அடுத்த வேலை கிடைக்க யார் என்ன செய்யலாம்? இன்றைக்கு அதைப் பேசுவோம்.

வேலை நின்றுபோவது நமக்குப் புதிதல்ல. 1950களில் எழுந்த வாழைச்சேனை காகித ஆலை, வயலில் எஞ்சும் வைக்கோலைக் காகிதமாக்கி ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வு கொடுத்தது. அது தேய்ந்தபோது எத்தனை வீடுகள் சேர்ந்து தேய்ந்தன என்பதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அது அரச ஆலை. குரல் கொடுக்கத் தொழிற்சங்கம் இருந்தது, போய்க் கேட்க அமைச்சு இருந்தது. எட்டுப் பேர் வேலை செய்யும் சின்னக் கம்பனி மூடினால் அந்த எட்டுப் பேருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

இலங்கையில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல், ஒழுக்கத் தவறு அல்லாத காரணங்களுக்காக ஆட்களை நிறுத்த முடியாது. கம்பனியை மூடுவதும் அதில் அடங்கும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் உண்டு. 5 வருடம் வேலை செய்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கும் 15 பேர் இருக்க வேண்டும். புதிய கம்பனியில் பெரும்பாலும் 15 பேரும் இருக்க மாட்டார்கள், 5 வருடமும் ஆகியிருக்காது. அங்கே வேலை செய்கிறவர் பெரும்பாலும் முதலாளியின் மனச்சாட்சியை நம்பித்தான் நிற்கிறார். ஆகவே இன்று நான் முதலாளிமாரைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

ஒரேயொருவர் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டியாக வேண்டும். ஊழியர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் இன்னும் 3 வீதம். கையில் காசு இறுகினால் பலர் முதலில் நிறுத்துவது இதைத்தான். சம்பளத்தில் பிடித்த 8 வீதத்தைக் கட்டாமல் விட்டால், நீங்கள் எடுத்தது அந்தப் பிள்ளையின் காசு. நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை போன பிறகு எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். வேலையிழந்தவருக்கு மாதாமாதம் காசு கொடுக்கும் காப்புறுதி இல்லாத நாட்டில், வேறு வேலை தேடும் காலத்துக்கு அந்தத் தொகை பெரிய உதவி.

காசு கட்டுவதற்கு மேலும் முதலாளி செய்யக்கூடியது உண்டு. 2020 மே மாதம், கொரோனாவால் பயணங்கள் நின்றபோது, பயணிகளுக்குத் தங்குமிடம் பிடித்துக் கொடுக்கும் அமெரிக்காவின் ஏர்பிஎன்பி கம்பனி சுமார் 1,900 பேரை நிறுத்தியது. அது ஊழியரில் கால்வாசி. கம்பனி மூடப்படவில்லை, ஆனாலும் அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். போகிறவர்களின் விபரத்தை மற்றக் கம்பனிகள் பார்க்க இணையத்தில் பட்டியல் போட்டார்கள். ஆள் சேர்க்கும் பிரிவில் ஒரு பகுதியினரை, அந்த வருடம் முடியும்வரை, போனவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க விட்டார்கள். வேலை தேடக் கணினி வேண்டும் என்று மடிக்கணினியையும் அவர்களிடமே விட்டார்கள். பெரிய கம்பனி, காசு இருந்தது, செய்தார்கள் என்பீர்கள். பட்டியல் எழுதவும் நாலு பேருக்குப் போன் எடுக்கவும் எவ்வளவு காசு வேண்டும்?

சின்னக் கம்பனியை மூடும் நீங்களும் சிலதைச் செய்யலாம். முதலில், மூடப்போவதை நேரத்தோடு சொல்லுங்கள். இன்னும் மூன்று மாதச் சம்பளத்துக்குக் காசு இருக்கும்போதே சொல்லுங்கள். சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள், கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்துவிடுவார் என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டு, திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்வது அந்தப் பயத்தை அப்படியே பிள்ளைகளின் தலையில் இறக்கி வைப்பது.

அடுத்தது கடிதம். நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் ஒரு சின்னக் கம்பனியில், பனிச்சங்கேணிப் பிள்ளை ஒருத்தி இரண்டு வருடம் வேலை செய்தாள் என்று வைத்துக்கொள்வோம். 'எமது நிறுவனத்தில் கடமையாற்றினார், நன்னடத்தை உள்ளவர்' என்று இரண்டு வரியில் கொடுத்தால், அந்தக் கடிதம் அவளுக்கு எந்தக் கதவையும் திறக்காது. காலையில் நிறை பார்த்துத் தரம் பிரித்தாள், கணக்கைக் கணினியில் ஏற்றினாள், ஐஸ் குறைந்த நாளில் எந்தப் பெட்டி முதலில் போக வேண்டும் என்று தானே முடிவெடுத்தாள், வாங்குபவரோடு சிங்களத்தில் பேசினாள் என்று எழுதுங்கள். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் பண்டசாலைப் பொறுப்பாளர் அந்தக் கடிதத்தை வாசித்தால், தனக்கு வேண்டிய ஆள் இவள்தான் என்று கண்டுகொள்வார்.

அந்தப் பிள்ளை உங்களிடம் வேலைக்கு வந்ததே வீட்டுக்குக் கிட்ட என்பதால்தான். வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ வேலை என்றால், இருட்டுவதற்குள் பஸ் கிடைக்குமா என்று தாய் கேட்பார். அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய், போகும் இடம் எனக்குத் தெரிந்த இடம், இத்தனை மணிக்கு விடுவார்கள் என்று நீங்கள் சொன்னால் தாயின் மனம் ஆறும். நமது ஊரில் இதுவும் வேலை தேடிக் கொடுப்பதில் சேர்த்திதான்.

சான்றிதழ் இல்லாமல் தொழில் பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பல தொழில்களில், அனுபவத்தைப் பரிசோதித்தே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இதைச் செய்கிறது. செய்த வேலைக்கு முதலாளியின் அத்தாட்சி அங்கே உதவும். அதைக் கம்பனி இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மூடிய பிறகு முத்திரையும் தேட வேண்டும், உங்களையும் தேட வேண்டும்.

கடைசியாக, உங்கள் போன் நம்பரை மாற்றாதீர்கள். புதிய இடத்தில் ஆள் எடுக்கும் முன் பழைய முதலாளியிடம் விசாரிப்பார்கள். கடன்காரரின் அழைப்புகளுக்கு நடுவே அந்த அழைப்பும் வரும். எடுத்துப் பேசுங்கள்.